பழனி மலையில் குழந்தைகளோடு நான்கு நாள்

கேள்வி இதுதான். திருச்சியில் ஒரு குடும்பம். பத்து வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன், கூடவே அறுபத்தெட்டு வயதுப் பாட்டி. கோடை விடுமுறை வந்தால் வருடா வருடம் ஏதாவது ஒரு தீம் பார்க். போன வருடம் ஒரு ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றார்கள், ஏறி இறங்கியது மூன்று நிமிடம். "இந்த முறை கொடைக்கானல் போகலாம் என்றிருக்கிறோம். அங்கேயும் வேனில் ஏற்றிப் பன்னிரண்டு பாயிண்ட் காட்டி இறக்கிவிடுவார்கள் என்கிறார்களே, குழந்தைகளுக்கு உருப்படியாக என்ன இருக்கிறது?" என்று அப்பா கேட்கிறார்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கொடைக்கானல் இருப்பது பழனி மலைத்தொடரில். அங்கே பெருமாள்மலைப் பக்கம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். சீசனில் காலை பத்து மணிக்கு மேல் தூண் பாறைக்கும் குணா குகைக்கும் போகிற ரோட்டில் வண்டிகள் நிற்கிற நிலையைப் பார்த்தால் ராட்டின வரிசையே தேவலை என்று தோன்றும். போய்ச் சேர்ந்தாலும் பாதி நேரம் மேகம் மூடியிருக்கும். மூடாவிட்டாலும் உங்கள் ஆறு வயதுப் பையனின் கண் மட்டத்தில் இருப்பது கம்பி வேலியும் முன்னால் நிற்பவரின் முதுகும்தான். காட்சி என்பது பெரியவர்களின் ஆசை. மலையைத் தூரத்தில் நின்று பார்த்துப் பெருமூச்சு விட நாற்பது வயதாக வேண்டும். குழந்தைக்குத் தொட, எண்ண, மோந்து பார்க்க, கேள்வி கேட்க ஏதாவது வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான். நான்கு நாளில் ஐந்தாறு இடத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே குழந்தைகளைப் போகவிடுங்கள். வெயில், தண்ணீர், பூண்டு, வாழைப்பழம், எதுவாக இருந்தாலும் சரி. திருச்சியிலிருந்து வருவதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறி, பழனி வழியாக இறங்கலாம். மலையின் இரண்டு முகத்தையும் பார்த்த மாதிரி ஆகும்.

முதல் நாள் என்பது மலைப்பாதைதான். அதைத் தூங்கிக் கழிக்க விடாதீர்கள். வத்தலக்குண்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பிரிக்காமல் பெண்ணின் கையில் கொடுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏறினால் கொடைக்கானல், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாக்கெட் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, மேலே போகும்போது தலையணை மாதிரி விறைத்து நிற்கும். காது ஏன் அடைக்கிறது என்று பையன் கேட்பான். அந்தப் பாக்கெட்டைக் காட்டினால் போதும், வேறு பாடம் வேண்டாம். (பாக்கெட் உறையைத் திருச்சிக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். மலையில் பிளாஸ்டிக் கெடுபிடி உண்டு, இருக்க வேண்டியதும்கூட.)

பாதையில் மரங்கள் மாறுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவாரத்தில் தென்னையும் வாழையும். கொஞ்சம் ஏறியதும் முட்புதர்க் காடு. ஊத்து, பண்ணைக்காடு பிரிவுப் பக்கம் வந்தால் பெரிய மரங்களின் நிழலில் காபிச் செடி. அதற்கும் மேலே தைல மரமும் சவுக்கு மாதிரி தெரியும் வாட்டில் மரமும் பைனும். திருச்சியிலிருந்து வடக்கே எத்தனை நூறு கிலோமீட்டர் போனால் பார்க்கக்கூடிய மாற்றத்தை இரண்டு மணி நேரத்தில் காரில் பார்த்துவிடலாம். நடுவில் டம் டம் பாறை என்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினால், எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தொங்கும். தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. தொலைவிலிருந்து பார்ப்பதால் அவ்வளவு உயரம் என்று நம்பவே முடியாது. உங்கள் மலைக்கோட்டையை மூன்று தடவைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம் என்று பெண்ணிடம் சொல்லுங்கள்.

வாந்தி பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும் அதுதான் உங்கள் உண்மையான கவலை. வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாமல். போன், டேப் எல்லாம் வளைவு முடியும்வரை பையில் இருக்கட்டும். கண் வெளியே ரோட்டைப் பார்த்தால் பாதி வாந்தி வராது. ஓட்டுபவர் கொண்டை ஊசி வளைவில் வேகம் காட்டினால், நடுவில் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து நிதானமாகப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் வெயில் வேண்டும், அதாவது மேகமில்லாத காலை. அன்றைக்கு அப்சர்வேட்டரி. கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எட்டிப் பார்க்காமல் போகிற இடம் இதுதான், எனக்கு அது ஒரு தீராத வருத்தம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இப்போது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் வருகிறது. மலை உச்சியில் உட்கார்ந்து சூரியனை ஏன் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். பதில் ஒரு கதை மாதிரியே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சங்கள் வந்தன. மழைக்கும் சூரியனுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா, சூரியனைத் தினமும் கவனித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ள முடியுமா என்று அன்றைய அரசு யோசித்தது. தூசியும் ஈரமும் குறைந்த, உயரமான இடம் தேடிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்கள். பசியில் தொடங்கிய வானியல் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

மழையைச் சொல்லும் சூத்திரம் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. 1909-இல் இங்கே வேலை பார்த்த ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அந்த ஓட்டத்துக்கு உலகம் முழுக்க இன்றைக்கும் எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நூறு வருடத்துக்கு மேலாக இங்கே எடுத்த சூரியப் படங்கள் சேர்ந்திருக்கின்றன. தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறைகள் மாறியும் அதே ஒரு முகத்தைப் படமெடுத்த ஆல்பம்! வளாகத்தில் ஒரு சிறிய காட்சிக்கூடம் உண்டு. திறந்திருக்கும் நேரம் அவ்வப்போது மாறும், முந்தின நாளே கேட்டுக்கொண்டு போங்கள்.

போவதற்கு முன்னால் அறையிலேயே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரு ஓட்டை. வெயிலில் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, அந்த ஓட்டை வழியே விழும் வெளிச்சத்தை இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் விழும். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். சதுரமாக ஓட்டை போட்டாலும் வட்டமாகத்தான் விழும், பையன் அதை நம்பமாட்டான், நாலைந்து ஓட்டை போட்டுப் பார்ப்பான். பிறகு ஏரிக்கரை மரத்தடியில் நடக்கும்போது தரையில் கிடக்கிற வட்ட வட்டமான வெயில் பொட்டுகளைக் காட்டுங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு குண்டூசி ஓட்டை. எத்தனை வயதானவர்களும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டாலும் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அன்று மாலை குறிஞ்சி ஆண்டவர் கோயில். பாட்டிக்கும் பிடிக்கும், கூட்டமும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். இலங்கையில் வாழ்ந்து சைவத்தைத் தழுவிய மேலைநாட்டுப் பெண்மணி லேடி ராமநாதன் 1936-இல் கட்டியது. மேகம் இல்லாவிட்டால் அங்கிருந்து வடக்கே கீழே பழனி தெரியும். கோயிலின் பெயரில் இருக்கிற குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி. 1994, 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030. பூத்து விதை விட்டதும் அந்தச் செடி செத்துவிடும், விதையிலிருந்து அடுத்த கூட்டம் முளைத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருக்கும். 2030-இல் தனக்கு என்ன வயது, அதற்கடுத்து 2042-இல் என்ன வயது என்று பெண்ணைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பாட்டி எத்தனை குறிஞ்சியைப் பார்த்திருக்கலாம் என்றும் கணக்குப் போடலாம். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவது ஏறத்தாழ 11 வருடத்துக்கு ஒரு சுற்று, குறிஞ்சிக்கு 12. ஒரே மலையில் இரண்டு கடிகாரம். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை, இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நடுவருடங்களில் ஊதாப் பூ எதையாவது காட்டிக் குறிஞ்சி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இனத்தில் வேறு வேறு செடிகள் உண்டு, அவற்றில் சில அடிக்கடி பூக்கும்.

குளிரில் பல் கிட்டும்போது சொல்வதற்கு ஒரு கதையும் கையில் இருக்கட்டும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதை. பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்கள் என்று மனப்பாடம் செய்திருப்பாள் உங்கள் பெண், மயிலுக்குக் குளிருமா என்று சிரித்தும் இருப்பாள். பேகன் இந்தப் பழனி மலை நாட்டுத் தலைவன், ஆவியர் குடி. பழனிக்குப் பழைய பெயர் பொதினி. அடிவாரத்துத் திருஆவினன்குடியின் பெயரிலும் அந்தக் குடி இருக்கிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மலைக்காற்றில் நின்றுகொண்டு இந்தக் கதையைக் கேட்டால், பேகன் செய்தது அவ்வளவு கிறுக்குத்தனமாகத் தோன்றாது.

மூன்றாம் நாளைத் தண்ணீருக்குக் கொடுங்கள், அல்லது மேல்மலைக் கிராமங்களுக்கு. இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். சின்னப் பையன் இருப்பதால் எனக்கு மேல்மலைதான் முதல் சாய்ஸ். ஆனாலும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

கொடைக்கானல் ஏரி இயற்கையானது இல்லை. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் ஒரு சதுப்பு ஓடையை மறித்துக் கட்டியது. நம் ஊரில் ஏரி என்றால் கரை இருக்கும், மதகு இருக்கும் என்று குழந்தைகளுக்குத் தெரியும். இங்கே அந்தக் கரை எங்கே என்று தேடச் சொல்லுங்கள். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றினால் ஐந்து கிலோமீட்டர் இருக்கும், அந்தத் தேடலிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். பெயர்ப் பலகை நட்டு வைத்த பாயிண்ட் எதிலும் இந்த ஆர்வம் வராது.

அடுத்து, கையில் இருக்கிற ஸ்டீல் பாட்டில் தண்ணீரை வைத்து ஒரு சோதனை. பைன் காட்டில், பலர் நடந்து இறுகிப்போன தரையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஓடும். அதன்பின் ரோட்டோரமாக ஒரு சோலையின் விளிம்பில், இலை மக்கிய தரையில் அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள், காணாமல் போகும். சோலை என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற சொல்லுக்கு இந்த மலையில் தனி அர்த்தம் இருக்கிறது: பள்ளங்களில் மட்டும் அடர்ந்து நிற்கிற குட்டை மரக்காடு, மேட்டில் எல்லாம் புல்வெளி. புல்லும் சோலையும் சேர்ந்து மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் கசியவிடும். பைனும் தைல மரமும் வாட்டிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நட்டவை. பைன் காடு படத்துக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணச் சொன்னால், இரண்டு நிமிடத்தில் பையனே சொல்லிவிடுவான்: "ஒண்ணுமே இல்லையே!"

இந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதுதான் கதையின் ருசியான பாகம். மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு என்று இறங்கி அமராவதியில் சேரும். அமராவதி கரூர்ப் பக்கத்தில் காவிரியில் சேரும். அதற்குக் கீழேதான் திருச்சி. தெற்குச் சரிவில் விழுவது வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி வழியாக வைகைக்குப் போய்விடும். ஒரே மலையில் ஒரு பக்கம் பெய்தால் திருச்சிக்கு, மறுபக்கம் பெய்தால் மதுரைக்கு. முடிந்தால் பேரிஜம் ஏரிக்குப் போய் வாருங்கள். அங்கே தேங்கும் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீர். வனத்துறை பர்மிட் வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள்தான் விடுவார்கள், யானை வந்துவிட்டால் அன்றைக்குப் பாதை மூடல். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். யானைக்காக மனிதன் ஒதுங்கிப்போகிற ஒரு இடம் உண்டு என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

சரி, மேல்மலை. ஊரிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று போகிற கிராமங்களை இங்கே மேல்மலை என்போம், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் கீழ்மலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பாயிண்ட் கூட்டம் எழுவதற்குள் தாண்டிவிடலாம். பூம்பாறை இருபது கிலோமீட்டருக்குள். ரோட்டிலிருந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டாக வெட்டிய வயல். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், நடுவில் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சந்தைப் பூண்டு ஒரு பல், மலைப்பூண்டு ஒரு பல், இரண்டையும் நசுக்கி மோந்து பார்க்கக் கொடுங்கள், குழந்தைகளே வித்தியாசம் சொல்வார்கள். யாராவது வயலில் வேலை செய்துகொண்டிருந்தால் வரப்பில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் களை எடுத்தாக வேண்டும் அவர்களுக்கு, அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. முருகன் சிலை போகர் என்கிற சித்தர் செய்தது என்பது ஊர் நம்பிக்கை. முருகன் இங்கே குழந்தையாக இருக்கிறார் என்பது உங்கள் பையனுக்குப் போதும்.

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965 முதல் இருக்கிறது. புல்வெளியில் மேகம் இறங்கியிருக்கும்போது மேகம் எது, ஆடு எது என்று தெரியாது. முயல்களும் வளர்க்கிறார்கள். பார்வையாளர்களை எப்போது விடுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் போட்ட பையன் ஸ்வெட்டரின் சொந்தக்காரனை நேரில் பார்ப்பது வேடிக்கையாக இருக்கும். என்னோடு வந்த ஒரு மாணவன் ஒரு முறை ஆட்டிடம் "தேங்க்ஸ்" சொன்னான். பக்கத்தில் மன்னவனூர் ஏரி, பரிசல் விடுவார்கள். அதற்கும் அப்பால் கூக்கால். போகாவிட்டாலும் பரவாயில்லை, புல்வெளியில் இரண்டு மணி நேரம் உருண்டு விளையாட விடுங்கள். நீங்கள் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை பெரியவர்களுக்கும்தான்.

இரவு அந்தப் பக்கமே தங்க முடிந்தால், அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால், வானம் பார்க்கலாம். வடக்கே தொடுவானத்தை நோக்கிக் கையை நீட்டி முஷ்டியை வையுங்கள், ஒரு முஷ்டி உயரம் பத்து டிகிரி. அங்கேதான் துருவ நட்சத்திரம், ஏனென்றால் நாம் இருப்பதும் பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே. ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே தாழ்வாகச் சிலுவை மாதிரி நான்கு நட்சத்திரம் நிற்கும், திரிசங்கு என்பார்கள். தங்குமிடம் பிடிக்கும்போது மட்டும் எச்சரிக்கை. ஒரு டிசம்பரில் நான் உறவினர் குடும்பத்தோடு போய்த் தங்கிய ஒரு இடத்தில் வெந்நீருக்குச் சூரிய ஒளி ஹீட்டர் ஒன்றுதான் வழி, நான்கு நாளும் மேகம். ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பில் அண்டா வைத்துச் சமாளித்தோம். "வெந்நீர் எப்படி வருகிறது?" என்பதுதான் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஜன்னலில் என்ன தெரியும் என்பது அப்புறம்.

நான்காம் நாள் கீழ்மலை வழியாகச் சுற்றி இறக்கம். இங்கே வாழைப்பழத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காடு தாண்டித் தாண்டிக்குடி. மேல்மலைக் குளிர் இல்லை, ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். காபித் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, ஆரஞ்சு, நடுவே விருப்பாச்சி வாழை. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கே இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் போனால் காபிப் பழம் சிவந்திருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டு ஒன்று பறித்து வாயில் போட்டால், தோல் இனிக்கும், உள்ளே வழுவழுப்பாக இரண்டு கொட்டை. "இதிலயா காபி வருது? கசக்கவே இல்லையே" என்பாள் உங்கள் பெண். கோடை மழை பெய்து சில நாளில் போக நேர்ந்தால் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை வாசம், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும்.

முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனதால் தாண்டிக்குடி என்று ஊரில் சொல்வார்கள். அதைவிடப் பழைய ஆட்களின் வீடுகளும் இருக்கின்றன. மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கல்திட்டைகள். தாண்டிக்குடியிலும் பெருமாள்மலை அருகே பேத்துப்பாறையிலும் பார்க்கலாம். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று ஊர்க்கதை, குள்ளர் குகை என்றே பெயர். உண்மையில் அவை பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள். குழந்தைகளிடம் முதலில் குள்ளர் கதையைச் சொல்லி, யார் கட்டியிருப்பார்கள், இந்தக் கல்லை எப்படித் தூக்கியிருப்பார்கள் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். மேலே ஏறி நின்று படம் எடுக்க மட்டும் விடாதீர்கள். ஏற்கெனவே பல சரிந்து கிடக்கின்றன. பாட்டி இந்த நடையில் வேண்டாம், பாதை கரடுமுரடு. உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, வாழைப்பழம். விருப்பாச்சி என்பது கீழ்மலையில் விளைகிற, ஈரம் குறைந்த மலை வாழை. பழனிப் பஞ்சாமிர்தத்தின் உடம்பு அதுதான். கூடவே சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டு சேராது. பழத்திலேயே ஈரம் குறைவு என்பதால்தான் டப்பாவில் அத்தனை நாள் கெடாமல் இருக்கிறது. முடிக்கொத்து நோய் வந்து 1970-களில் இந்த வாழை பெருமளவு அழிந்து, நோயில்லாத கன்றுகளை உருவாக்கி மறுபடி நட்டார்கள். பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலையில் தாண்டிக்குடியில் மரத்தில் பார்த்த தாரை மாலையில் பழனியில் டப்பாவில் பார்ப்பதுதான் அன்றைய பயணம். பெருமாள்மலைக்குத் திரும்பி வந்து பழனி ரோட்டில் இறங்குங்கள். பழனியில் 693 படி. பெண் ஏறிவிடுவாள், பையன் பாதியில் தூக்கச் சொல்வான், பாட்டியோடு வின்ச்சில் போய்விடுங்கள். தண்டவாளத்தில் மலை ஏறுகிற அந்த வண்டியை விடப் பெரிய ராட்டினம் அவனுக்கு வேண்டியதில்லை. ஆனால் வரிசை இங்கேயும் உண்டு, கிருத்திகை, விடுமுறை நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். 2024 மே முதல் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும், ஆன்லைனில் எடுக்கலாம். சீசனில் வண்டி எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள், கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் கனமாகப் பெய்யும், பாதையில் மண் சரியும், சின்னப் பிள்ளைகளோடு அப்போது வேண்டாம். என்னைக் கேட்டால் மே மாதத்தை விட்டுவிட்டுக் காலாண்டு விடுமுறைக்கு வாருங்கள், மழைக்கு முந்தி, கூட்டம் பாதி. குளிரும் வெயிலும் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள், முகமும் கறுத்துவிடும், தொப்பி போடுங்கள்.

காட்டெருமை ஊருக்குள்ளேயே நடமாடும். மாடு மாதிரி சாதுவாகத் தெரியும், ஒரு டன் எடை இருக்கலாம். செல்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அது ரோட்டில் நின்றால் நீங்கள் காரிலேயே இருங்கள், அதுவாகப் போகும்வரை. குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். மழை நாளில் சோலைப் பக்கம் போனால் அட்டை ஏறும். உப்பு கொஞ்சம் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. என் மாணவர்கள் யார் காலில் எத்தனை அட்டை என்று போட்டியே வைப்பார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், ஏரிக்கரையில் குதிரையைப் பார்த்ததும் பையன் அடம் பிடிப்பான். ஏற்றிவிடுங்கள். ஒரு சுற்றுதான் என்று காசு பேசிவிட்டு ஏற்றுங்கள்.